பொன்லிங்கம் அண்ணாச்சி வாங்காத விமானம்

பாளையங்கோட்டையில் ஒருவர் இறந்துபோனால் அந்தச் செய்தி மாநகராட்சிக்குப் போவதற்கு முன்னால் எனக்கு வந்துவிடும். இது திறமை அல்ல, வியாதி. எங்கள் பகுதி வாட்ஸப் குழுவுக்கு நான்தான் அட்மின். அன்று காலை குழுவில் ஒருவர், "முந்திரி பொன்லிங்கம் அண்ணாச்சி காலமானார்" என்று போட்டிருந்தார். நான் அதை உடனே அழித்தேன். "உறுதி செய்யாத தகவல்களைப் பரப்ப வேண்டாம்" என்று ஓர் எச்சரிக்கையும் போட்டேன். அண்ணாச்சி போயிருந்தால் எனக்குத் தெரியாமல் இருக்குமா என்கிற திமிர்.

பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது வளைகுடாவிலிருந்து போன். மேலப்பாளையத்துக்காரர் சாகுல்.

"அண்ணே, அண்ணாச்சி மவுத்தாயிட்டாவளாமே. அங்கனதான் இருக்கியளா?"

"எங்கன?"

"அண்ணாச்சி வீட்லண்ணே."

"நான் எங்க வீட்ல இருக்கேன்."

"அப்ப ஒங்களுக்கு யாரும் சொல்லலியா?" என்றார். அந்தக் கேள்வியில் இருந்த பரிதாபம் எனக்குப் பிடிக்கவில்லை. பெருமாள்புரத்தில், என் வீட்டிலிருந்து ஆட்டோவில் போனால் ஒரு பாட்டு முடிவதற்குள் போய்விடக்கூடிய தூரத்தில் இறந்தவரைப் பற்றி, கடலுக்கு அப்பாலிருந்து ஒருவர் எனக்குத் தகவல் சொல்கிறார். குழுவில் போய்ப் பார்த்தேன். என் எச்சரிக்கைக்குக் கீழே நாற்பது பேர் கண்ணீர் பொம்மை போட்டிருந்தார்கள்.

அண்ணாச்சியை அறிந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நீங்கள் அறிந்தவர், ஆப்பிரிக்காவிலிருந்து கப்பல் கப்பலாக முந்திரிக்கொட்டை இறக்கிய வியாபாரி, வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, யார் வந்தாலும் முதலில் "காப்பி சாப்பிடும்", அப்புறம்தான் "என்ன விசயம்?". நான் அறிந்தவர் வேறொரு ஆளாகவும் இருந்தார். அவர் என்னிடம் ஒரு ரகசியத்தைச் சொன்னார். என் வாழ்நாளிலேயே நான் காப்பாற்றிய ஒரே ரகசியம் அதுதான். காப்பாற்றியதற்காக அவர் என்னோடு பேசுவதை நிறுத்தினார். இறந்தவர்களைப் பற்றி நல்லது மட்டும் சொல்ல வேண்டும் என்பார்கள். நல்லதையும் சொல்கிறேன். ஆனால் இது ஒரு புகார்தான்.

முதலில் அவருடைய அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். திசையன்விளையில் இருந்த பெரியவர், எங்களுக்கெல்லாம் பெரியண்ணாச்சி. தம்பி திருநெல்வேலிக்கு வந்து பெரிய வியாபாரி ஆன பிறகும், அண்ணன் ஊரிலேயே தோப்பும் கடையுமாக இருந்துவிட்டார். அண்ணனுக்கு ஒரு வழக்கம் உண்டு. தம்பி ஏதாவது ஊதாரித்தனம் செய்ததாகக் காதில் விழுந்தால், முதல் பஸ்ஸைப் பிடித்து வந்து நிற்பார். அண்ணாச்சி இளவயதில் புல்லட் வாங்கினார். அண்ணன் வந்து கடைவாசலில் நின்று, ரோட்டில் போகிறவர்கள் நின்று கேட்கும்படி ஏசினார். ஏசி முடித்து, உள்ளே வந்து இட்லி சாப்பிட்டுவிட்டு, அதே புல்லட்டின் பின்னால் உட்கார்ந்து ஊருக்குப் போனார். பிறகு வெளிநாட்டுக் கார் வாங்கியபோதும் வந்தார், ஏசினார், அந்தக் காரிலேயே திருச்செந்தூர் போய்க் கும்பிட்டுவிட்டு வந்தார். அண்ணாச்சி இதைச் சொல்லும்போது முகம் மலர்ந்துவிடும். "கிறுக்குத்தனம் பண்ணாதவன எவன் வே வந்து பாப்பான்?" என்பார். அதை நான் ஒரு தமாஷாக மட்டுமே எடுத்துக்கொண்டேன். பட்டிமன்றங்களில் நகைச்சுவை பேசுகிறவன் நான்; இரண்டில் அதை என் சொந்தச் சரக்காகப் பயன்படுத்தியும் இருக்கிறேன்.

அப்புறம் குலசாமி மாடன் கோயிலில் கொடைத் திருவிழா வந்தது. மாடனுக்கு வில்லுப்பாட்டுதான் வைக்க வேண்டும் என்றார் அண்ணன். தம்பி சென்னையிலிருந்து ஆர்கெஸ்ட்ரா கொண்டுவந்து இறக்கினார். மாடன் எதற்கும் ஒன்றும் சொல்லவில்லை. அண்ணன் மட்டும் பந்தலை விட்டு எழுந்து போனார். அதற்குப் பிறகு இருவருக்கும் பேச்சு இல்லை. யார் முதலில் பேசுவது என்பதில் இரண்டு பேருமே மலை போல் இருந்தார்கள். அண்ணாச்சி அதற்குப் பின் இரண்டு கார்கள் வாங்கினார், அண்ணன் வரவில்லை.

ரகசியம் சொல்லப்பட்ட இடம் குறுக்குத்துறை ஆற்றுப் படித்துறை. ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் அங்கே எண்ணெய் தேய்த்துக் குளிப்போம். முதுகுக்கு ஒருவருக்கொருவர் எண்ணெய் தேய்த்துவிடும் அளவுக்குச் சிநேகம் என்று சொன்னால் புரியும். என் முதுகில் தேய்த்துக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார்.

"வே, ஒரு ஏரோப்ளேன் வாங்கலாம்னு இருக்கேன்."

"பேரனுக்கா?"

"எனக்குத்தாம்வே. ஒரு கை மாறுன ப்ளேனு. இங்க ஏறுனா எங்கயும் நிக்காம ஆப்பிரிக்காவுல போயி எறங்குமாம். கொட்டை வாங்கப் போறதுக்கு மூணு ப்ளேன் மாற வேண்டியிருக்கு. வயசாச்சில்லா?"

நான் திரும்பிப் பார்த்தேன். சிரிக்கவில்லை.

"உம்மட்ட மட்டுந்தான் சொல்லுதேன். ஒருத்தர்ட்டயும் சொல்லிராதீரும். முக்கியமா உம்ம வீட்டம்மாட்ட சொல்லிராதீரும். அவ தெசயன்வெளக்காரி. அண்ணன் வீட்டுக்கும் அவ அம்மா வீட்டுக்கும் ஒரே சொவரு."

"சொல்ல மாட்டேன் அண்ணாச்சி."

"இல்ல, நீரு சொல்லிருவீரு. சொல்லிராதீரும்."

இங்கே என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. என் வாய்க்குக் கதவு கிடையாது என்பது மாவட்டம் அறிந்த விஷயம். என் மனைவி ஜெயந்தி எங்கள் மகளைச் சுமந்தபோது, அதைத் தெருவில் எல்லாரிடமும் சொல்லிவிட்டு, கடைசியாகத்தான் என்னிடம் சொன்னாள். முன்னாலேயே என்னிடம் சொல்லியிருந்தால் அவள் யாரிடமும் சொல்ல வேண்டிய வேலையே இருந்திருக்காது என்பது வேறு விஷயம். அப்படிப்பட்ட ஒருவனை ஆற்றுக்குள் இறக்கி, "உம்மட்ட மட்டுந்தான்" என்றார் அண்ணாச்சி. எனக்குக் கண் கலங்கிவிட்டது. எண்ணெய் கண்ணில் பட்டுவிட்டது என்று சொல்லி முங்கி எழுந்தேன். செத்தாலும் இதைச் சொல்வதில்லை என்று தாமிரபரணிக்குள் நின்றபடி முடிவு செய்தேன்.

விமானம் பார்க்க வளைகுடாவுக்கு என்னையும் அழைத்துப்போனார். அங்கே தமிழ்ச் சங்கத்தில் நகைச்சுவைப் பேச்சு என்று வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். எனக்குச் சாவுச் செய்தி சொன்ன சாகுல்தான் தரகர். அவருடைய வாப்பா மேலப்பாளையம் சந்தையில் மாட்டுத் தரகு பார்த்தவர். "வாப்பா மாட்டுக்குப் பல்லப் பாத்தாவ, நான் ப்ளேனுக்கு எஞ்சினப் பாக்கேன். தொழிலு ஒண்ணுதாண்ணே, சாணிதான் கெடையாது" என்று தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டார்.

கொட்டகை என்றார்கள். நம் ஊர்ச் சந்தை முழுவதையும் உள்ளே விட்டுக் கதவைச் சாத்தலாம். நடுவில் அது நின்றது. வெள்ளை உடம்பு, நீளமான மூக்கு, வாலுக்குப் பக்கத்தில் இரண்டு எஞ்சின். அண்ணாச்சி செருப்பைக் கழற்றிவிட்டு, அதை வலமாக ஒரு சுற்று வந்தார். பிறகு தேங்காய் வாங்குவதுபோல விரலை மடக்கி அதன் வயிற்றில் தட்டிக் காது கொடுத்துக் கேட்டார். என்ன கேட்டதோ, தலையை ஆட்டிக்கொண்டார்.

"முந்தின ஓனர் வயசானவரு. வருசத்துக்கு ரெண்டு மூணு தடவ பேரப்பிள்ளைகளப் பாக்கத்தான் எடுப்பாரு" என்றார் சாகுல்.

"பழசு விக்கிறவன் எல்லாரும் இதத்தாம்வே சொல்லுதான். எங்கிட்ட அம்பாசிடர் வித்தவனும் இதத்தான் சொன்னான்" என்றார் அண்ணாச்சி.

உள்ளே போனோம். தோல் நாற்காலிகள், நீட்டிப் படுக்கச் சோபா, பொன்நிறக் குழாய்கள். அண்ணாச்சி நேராகக் கழிப்பறைக்குள் போய்த் தண்ணீர் விட்டுப் பார்த்துவிட்டு வந்தார். மெக்கானிக் ஒருவர் எஞ்சினுக்குள் மெல்லிய குழாய் ஒன்றைச் செலுத்தி, திரையில் உள்ளே இருக்கும் தகடுகளைக் காட்டிக்கொண்டிருந்தார். அதன் நுனியில் கேமரா. வாங்குவதற்கு முன்னால் இப்படி எல்லாவற்றையும் திறந்து சோதனை போடுவதுதான் இந்த வியாபாரத்தில் பாதி வேலை என்று சாகுல் விளக்கினார்.

"எனக்கும் போன வருசம் இப்படித்தாம்வே விட்டாங்க" என்று அண்ணாச்சி என் காதில் சொன்னார். "இது சத்தம் போடாம நிக்கி. நல்ல சாதி."

ஒரு தகட்டில் சிறிய கீறல் தெரிந்தது. சக்கரக்கால்களைச் சீக்கிரமே கழற்றிப் புதுப்பிக்க வேண்டும் என்றும் தெரியவந்தது. "பல்லுல சொத்தை, காலுல வாதம்" என்று சொல்லிவிட்டு அண்ணாச்சி உற்சாகமாகிவிட்டார். விலைபேச வந்த வெள்ளைக்காரரின் கையைப் பிடித்து, அதன்மேல் தன் தோள் துண்டைப் போட்டு மூடி, உள்ளே விரல்களை அழுத்த ஆரம்பித்தார். மாட்டுச் சந்தையில் பக்கத்தில் நிற்பவனுக்குத் தெரியாமல் விலைபேசும் முறை அது. எந்த விரலைப் பிடித்தால் என்ன விலை என்பது வெள்ளைக்காரருக்கு எப்படித் தெரியும்? அவர் நம் ஊர்ப் பிரார்த்தனை என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். அண்ணாச்சி அழுத்த அழுத்த, அவர் முகம் சிவந்துகொண்டே போனது. கடைசியில் "ஆமென்" என்றார். சாகுல் சிரிப்பை அடக்க முடியாமல் விமானத்தின் மறுபக்கம் ஓடிவிட்டார்.

இவ்வளவு கூத்துக்கும் நடுவில் எனக்கு உறைத்திருக்க வேண்டிய ஒரு விஷயம் உண்டு. அந்த விமானத்தின் பெருமையே வயிறு நிறைய எண்ணெய் நிரப்பிக்கொண்டு நிற்காமல் தூரம் போவதுதான். அவ்வளவு கனத்தோடு எழும்ப நீளமான ஓடுபாதை வேண்டும். நமக்குப் பக்கத்தில் இருப்பது வாகைக்குளம் விமான நிலையம்; அங்கே அப்போதிருந்த பாதை போதாது என்று சாகுலே ஒப்புக்கொண்டார்.

"கொஞ்சமா எண்ணெய் போட்டு ஏறி, திருவனந்தபுரத்துல எறங்கி நெறச்சிக்கிடலாம் அண்ணாச்சி."

"திருவனந்தபுரத்துக்கு நான் கார்லயே போயிருவேனே வே!" என்று அண்ணாச்சி விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்துவிட்டு, "சரி, இன்னொரு சோதனை போடச் சொல்லும். ஒண்ணும் அவசரமில்ல, பையப் பாக்கட்டும்" என்றார். ஒரு மூட்டைக் கொட்டையில் கைப்பிடி கல் இருந்தால் மூட்டையையே திருப்பி அனுப்புகிற மனிதர், தன் ஊரிலிருந்து தூரப் பயணத்துக்கு எழும்ப முடியாத தூரப் பயண விமானத்துக்கு, அவசரமில்லாமல், மேலும் மேலும் சோதனை போடச் சொல்கிறார். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. நான் தோல் நாற்காலியைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

விமானப் படிக்கட்டில் நின்று என் போனில் ஒரு படம் எடுக்கச் சொன்னார். "யாருக்கும் அனுப்பிராதீரும்" என்றார். ஊர் திரும்பியதும் கேட்டார்.

"படத்த யாரும் பாக்கலியே?"

"போனுக்குப் பூட்டுப் போட்டுட்டேன் அண்ணாச்சி. நானே ரெண்டு தடவ தப்பா அமுக்கித்தான் தொறக்கேன்."

"பூட்டா?" என்றார். அவர் முகம் சுருங்கியது. நெகிழ்ந்துவிட்டார் என்று நினைத்தேன்.

ரகசியத்தை வைத்திருப்பது எவ்வளவு பெரிய உடல் உபாதை என்பது பழக்கமில்லாதவர்களுக்குத்தான் தெரியும். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பேச்சைக் குறைத்தேன், ஒரு வாக்கியம் பேசினால் அடுத்த வாக்கியத்தில் விமானம் வந்துவிடும். பட்டிமன்றத்தில் வழக்கமான துணுக்குகளே மறந்துபோய் நின்றேன். ஜெயந்தி முதலில் சந்தோஷப்பட்டாள். பிறகு பயந்துபோனாள். போனுக்குப் பூட்டு, வாய்க்கும் பூட்டு. எந்த மனைவிதான் பயப்படமாட்டாள்?

"யாரு அவ?" என்று ஒருநாள் நேரடியாகவே கேட்டாள்.

"எவளும் இல்ல."

"அப்பம் ஏன் பேச மாட்டேங்கிய? நீங்க சும்மா இருந்தா எனக்கு உறக்கம் வர மாட்டேங்குது."

சாமி படத்துக்கு முன்னால் சத்தியம் செய்து கொடுத்தேன். அவளுக்கு முழுநம்பிக்கை வரவில்லை. ஒரு வாரம் ரசத்தில் உப்பே இல்லை. அதையும் அண்ணாச்சிக்காகக் குடித்தேன். அவரைப் பார்க்கும்போதெல்லாம், "இன்னைக்கு வரைக்கும் ஒருத்தர்ட்டயும் சொல்லல" என்று பத்தாம் வகுப்பில் முதல் மார்க் வாங்கிய பையனைப் போலச் சொல்வேன். "ஒருத்தர்ட்டயுமா?" என்பார். "ஒருத்தர்ட்டயும்." அவர் ஒரு பெருமூச்சு விடுவார்.

அந்த ஆவணியில் திசையன்விளையில் ஜெயந்தியின் சித்தி மகளுக்குக் கல்யாணம். "போகாம இருந்திராதீரும்" என்று அண்ணாச்சி எனக்குப் போன் செய்து சொன்னார். "அண்ணன் வருவாவ. பக்கத்து எலையில உக்காரும்." அண்ணனின் உடம்பு எப்படி இருக்கிறது என்று பார்த்து வரச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். போனேன், பக்கத்து இலையிலேயே உட்கார்ந்தேன். பெரியண்ணாச்சி மெலிந்திருந்தார். சாம்பாருக்கும் ரசத்துக்கும் இடையில், இலையைப் பார்த்தபடியே கேட்டார்.

"அவன் எப்படி இருக்கான்?"

"நல்லா இருக்காவ."

"கிறுக்குத்தனம் எதுவும் பண்ணுதானா?"

விமானம் என் தொண்டையில் வந்து நின்றது. சக்கரத்தைக்கூட வெளியே நீட்டிவிட்டது. ஒரு வாய் தண்ணீரைக் குடித்து அதை உள்ளே தள்ளினேன்.

"இல்லையே அண்ணாச்சி. இப்பல்லாம் ரொம்ப ஒழுங்கா இருக்காவ."

"ஒழுங்கா இருக்கானா?" என்றார். இலையை மடக்கினார். பாயசம் வரவே இல்லை, அதற்குள் மடக்கிவிட்டார். "சரி. இருக்கட்டும்."

திரும்பி வந்து அண்ணாச்சியிடம் வரி மாறாமல் சொன்னேன். என் சாமர்த்தியத்தைக் கொஞ்சம் நடித்தும் காட்டினேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு, "காப்பி சாப்பிடும்" என்றார். அன்றைக்கு அதற்குப் பின் "என்ன விசயம்?" என்று கேட்கவே இல்லை.

ஐப்பசி மழை தொடங்கியிருந்தபோது பெரியண்ணாச்சி இறந்துபோனார். உறக்கத்திலேயே முடிந்துவிட்டது. அண்ணாச்சி போய்க் கால்மாட்டில் நின்றார். அழவில்லை. எல்லாம் முடிந்த பிறகு, வீட்டுக்குப் பின்னால் கிணற்றடியில் தனியாக உட்கார்ந்திருந்தவரிடம் போனேன். தோளில் கை வைத்தேன். தட்டிவிட்டார்.

"உம்மள நம்பிக் கெட்டேம்வே."

"என்ன அண்ணாச்சி?"

"ஊருல அத்தன பேரு இருக்கையில, ஓட்ட வாயின்னுதானவே உம்மளத் தேடிப் பிடிச்சேன்? உம்ம பொண்டாட்டிட்ட சொன்னா மறுநா அண்ணங்காதுல விழும், விழுந்தா மொத பஸ்ஸுல வருவாவ, செருப்பக் கழத்தி அடிச்சாலும் அடிச்சிட்டுப் போறாவன்னு இருந்தேன். காரு வாங்குனேன், வரல. வீடு கட்டுனேன், வரல. ஏரோப்ளேனுக்காவது வருவாவன்னு பாத்தேன்."

"நீங்கதான சொல்லாதீரும்னு சொன்னீய?"

"சொல்லாதீரும்னா, நீரு என்னைக்குவே சொல்லாம இருந்திருக்கீரு?"

"பரப்பணும்னா பரப்பும்னு சொல்லியிருக்கலாம்லா!"

"சொன்னா, நான் சொல்லச் சொன்னேன்ங்கிறதையும் சேத்துச் சொல்லிருவீரே!" துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஊருக்கெல்லாம் தொறந்து கெடந்த வாயி, எனக்கு மட்டும் எப்படிவே அடச்சிது?"

பதில் இருந்தது, அன்று சொல்லும்படியாக இல்லை. அது இதுதான்: அவர் ஒருவர்தான் என்னை நம்பினார் என்று நினைத்தேன், அதனால் அடைத்தது. இப்போது கிணற்றடியில் நின்று, அவர் என்னை நம்பவே இல்லை என்று கேட்கிறேன். கொடைக்குத் தென்னைமரத்தில் கட்டுவார்களே குழாய் ஸ்பீக்கர், அதைத் தேடியிருக்கிறார், நான் அகப்பட்டிருக்கிறேன். முதுகுக்கு எண்ணெய் தேய்த்ததும், கடல்தாண்டிக் கூட்டிப்போனதும், படிக்கட்டில் படம் பிடிக்கச் சொன்னதும் எல்லாம் ஸ்பீக்கருக்கு ஒயர் இழுத்த வேலை. அண்ணனை இழந்த மனிதரிடம் இதைச் சொல்ல முடியுமா? முடியாததால் என் கோபம் எனக்குள்ளேயே கிடந்து புளித்தது.

விமானத்தை அந்த வாரமே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அது வேறு யாருக்கோ போய்விட்டதாகச் சாகுல் சொன்னார். எனக்கு அண்ணாச்சியிடமிருந்து ஒரு போனும் இல்லை. நானும் செய்யவில்லை. கல்யாண வீடுகளில் பார்ப்போம். அவர் பந்தலின் அந்தக் கோடியைப் பார்ப்பார், நான் இந்தக் கோடியைப் பார்ப்பேன். ஜெயந்தியிடம் அப்போதும் எதையும் சொல்லவில்லை. முன்பு அன்பால் காத்ததை, பிறகு வீம்பால் காத்தேன். உமக்குத் தேவைப்பட்டபோது சொல்லாதவன், தேவைப்படாதபோது ஏன்வே சொல்ல வேண்டும்?

அவர் இறந்த அன்று போனேன். போகாமல் இருக்க முடியுமா? மாலையில் எல்லாம் முடிந்து, பந்தலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தோம். யாரோ, "அண்ணாச்சியோட கூடவே சுத்துனவருல்லா, ஏதாவது சொல்லும்வே" என்றார்கள். வாயைத் திறந்தேன். குறுக்குத்துறையில் ஆரம்பித்து கிணற்றடி வரை ஒன்று விடாமல் சொன்னேன். வெள்ளைக்காரர் "ஆமென்" சொன்ன இடத்தில் பந்தலே குலுங்கியது. முடித்ததும் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எழவு வீட்லயும் உமக்குத் தமாசாவே? அண்ணாச்சியாவது, ஏரோப்ளேனாவது!" என்றார். பூட்டைத் திறந்து படத்தைக் காட்டினேன். "பொருட்காட்சியில அட்டையில செஞ்சி வச்சிருப்பான், எம்பேரன்கூட நின்னு எடுத்தான்" என்றார் இன்னொருவர். ஒரு ஆள்கூட நம்பவில்லை.

உண்மையைச் சொல்ல வேண்டும் என்றால், எனக்கு அப்போது ஒரு பெரிய நிம்மதி வந்தது. நான் அன்றைக்குச் சொல்லியிருந்தாலும் இப்படித்தானே ஆகியிருக்கும்? பெரியண்ணாச்சியும் சிரித்துவிட்டுப் பாயசம் கேட்டிருப்பார். என்மேல் சொன்ன குற்றம் நிற்காது. எழுந்து வீட்டுக்குப் போகலாம் என்று செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன்.

வாசல் நிலைக்கு உள்ளேயிருந்து மதினி கூப்பிட்டார். பெரியண்ணாச்சியின் மனைவி. கொழுந்தன் சாவுக்குத் திசையன்விளையிலிருந்து வந்திருந்தார். பந்தலில் பேசியதையெல்லாம் கேட்டிருக்கிறார்.

"தம்பி, நெசமா?"

"நெசந்தான் மதினி. ஆனா சொல்லியிருந்தாலும் பெரியண்ணாச்சி நம்பியிருக்க மாட்டாவ. இந்தா, இவங்களே நம்பலியே."

மதினி என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. ஒன்றும் தெரியாத பிள்ளையைப் பார்ப்பதுபோல இருந்தது.

"அவிய நம்பியிருப்பாவ. தம்பி நெலாவ வெல பேசுதாம்னு சொன்னாலும் நம்பியிருப்பாவ. யாரு டவுனுக்குப் போயிட்டு வந்தாலும், பொன்லிங்கம் புதுசா ஏதாச்சும் வாங்கியிருக்கானான்னு கேட்டுக்கிட்டேதான கெடந்தாவ? காரு, வீடுன்னா இப்பம் எல்லாரும் வாங்குதான், அதுக்குப் போயி எப்படி ஏசன்னு சொல்லுவாவ. இதக் கேட்டிருந்தா, சட்டகூடப் போட்டிருக்க மாட்டாவ. ஓடியிருப்பாவ."

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். நான் செருப்பில்லாமலே வீட்டுக்கு நடந்தேன். வழியெல்லாம் அண்ணாச்சியோடு சண்டை போட்டுக்கொண்டே வந்தேன். நீர் கேட்டிருக்கலாமே, நீரே பஸ் ஏறியிருக்கலாமே, ஒரு மனிதனை மனிதனாகவே நம்பியிருக்கலாமே என்றேன். அவர் பேசவே இல்லை. பெருமாள்புரத்திலிருந்து பாளையங்கோட்டை எவ்வளவு பக்கம் என்பது நடக்கும்போதுதான் தெரிந்தது. இத்தனை நாளும் அவர் வந்து ஏசுவார் என்று நான் இங்கே காத்திருந்திருக்கிறேன். அவர் அங்கே எதற்குக் காத்திருந்தார் என்று தெரியவில்லை.

இப்படிப்பட்ட கட்டுரைகளின் முடிவில் இறந்தவருக்கு அமைதி வேண்டுவார்கள். நான் வேண்டப்போவதில்லை. அவர் போன இடத்தில் பெரியண்ணாச்சி இருக்கிறார். சேதி யார் மூலமாவது போயிருக்கும். அமைதி எதற்கு? ஏச்சுத்தான் அவர் கேட்டது, நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்ளட்டும்.

எனக்கென்று அவர் விட்டுப்போனது ஒரு பாதிச் சண்டை. அவருடைய பாதியைக் கிணற்றடியில் போட்டு முடித்துவிட்டார். என்னுடைய பாதி அப்படியே என்னிடம் இருக்கிறது.